எடை மேடைக்குப் போன பிறகு ஸ்பிரிங் வாங்குங்கள்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். நாள் முழுக்கப் பொருள்களை எடை பார்ப்பதுதான் வேலை. ஆனால் என் டொயோட்டா பிராடோவை ஒருமுறைகூட எடை பார்க்காமலே அதன் சஸ்பென்ஷனை மாற்றினேன். பட்டறைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "நீண்ட பயணம் போவீர்களா?" ஆமாம் என்றேன். கடையில் இருந்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்குகளைப் பின்னால் மாட்டினார். துள்ளலை அடக்கும் பழைய ஷாக் அப்சார்பர்கள் இன்னும் உழைக்கும் என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார். நாமக்கல்லில் லாரி ஓட்டிய என் அப்பாவும், வண்டி தாழ்ந்தால் அடுக்குப் பட்டை ஸ்பிரிங்கில் "இன்னொரு பட்டை சேர்த்துப் போடு" என்பவர்தான். அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அந்த ஜூலையில் ஊட்னடாட்டா டிராக் என்ற உள்நாட்டு மண் சாலையில் போனோம். மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கி.மீ. மண்ணும் சரளையும்; பல இடங்களில் தகரக் கூரையைப் பெயர்த்துத் தரையில் விரித்தாற்போல வரிவரியான மேடு பள்ளம். கவர்ட் ஸ்பிரிங்ஸைத் தாண்டியதும் வண்டியின் பின்பக்கம் பந்துபோலத் துள்ள ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால், வலது பின் ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் வழிந்து, அதன்மேல் செம்மண் அப்பியிருந்தது. வில்லியம் கிரீக் வரை ஊர்ந்து, அங்கிருந்து இன்னும் 165 கி.மீ. ஊர்ந்து கூபர் பீடி போய்ச் சேர்ந்தோம். உதிரிபாகத்துக்காகக் காத்திருந்த நாள்களில்தான் கீழே எழுதியிருப்பவற்றில் பாதியைக் கற்றேன்.

முதல் வேலை எடை மேடை. பயணத்துக்குப் போவது போலவே முழுதாக ஏற்றிக்கொண்டு போங்கள்: டீசல் டேங்கு நிறைய, தண்ணீர் நிறைய, குடும்பம் இருக்கையில். முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக, பிறகு முழு வண்டியை என மூன்று எடைகள் வேண்டும். கேரவன் இழுப்பவர்கள் அதை மாட்டியே எடை பார்க்க வேண்டும். இழுவைக் கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அதில் 100 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 100 கிலோவுக்கு மேல் ஏறும், முன் அச்சு லேசாகும். என் வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,990 கிலோ. மேடை காட்டியது 3,180. பின் அச்சில் மட்டும் 1,830. என் மனைவி சீட்டைப் படித்துவிட்டு, "உங்கள் கிடங்கில் இப்படி ஒரு லாரி வந்தால் திருப்பி அனுப்புவீர்கள்தானே?" என்றாள்.

பெரும்பாலான கடைகளில் பின் ஸ்பிரிங்கை 'நிரந்தரமாக எத்தனை கிலோ' என்ற கணக்கில்தான் விற்பார்கள். நிரந்தரம் என்ற சொல்லைக் கவனியுங்கள். வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கும் இழுப்பறைப் பெட்டி, இழுவைக் கொக்கி, கூடுதல் பேட்டரி போன்றவற்றின் எடை அது. பயணத்தன்று மட்டும் ஏறும் எடை அல்ல. எனக்கு நிரந்தரம் 200 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாட்டியிருந்ததோ 600 கிலோ ஸ்பிரிங். பதினொரு மாதம் நகரத்தில் மாட்டு வண்டிச் சவாரி, பின்னிருக்கையில் பிள்ளைகளுக்குக் குமட்டல். இப்போது 300 கிலோ வரையிலான ஸ்பிரிங் இருக்கிறது. பயண எடைக்கு அதற்குள்ளேயே பொருந்தும் காற்றுப் பையைக் கொஞ்சம் ஊதிக்கொள்கிறேன். பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிக்காரர்கள் மட்டும் இந்தக் காற்றுப் பையை நம்பி அதிகச் சுமை ஏற்ற வேண்டாம். பட்டையின் இரு முனைகளுக்கும் பகிர்ந்து போக வேண்டிய பாரம் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸின் ஒரே புள்ளியில் குவிந்து, சேஸிஸே வளைந்துபோன வண்டிகள் உண்டு.

இனி ஷாக் அப்சார்பர். பணத்தை இங்கே கொட்டுங்கள். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆனால் துள்ளலை அடக்காது. கெட்டியான ஸ்பிரிங் அமுங்கியபின் அதிக வேகத்தோடு திரும்பி எழும். அந்த வேகத்தைப் பிடித்து நிறுத்தும்படி பொருத்தமான ஷாக் அப்சார்பர் வேண்டும். என் பழைய ஜோடி அந்தப் போட்டியில்தான் தோற்றது. ஷாக் அப்சார்பர் அசைவை எண்ணெயின் சூடாக மாற்றுகிறது. வரிவரியான சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது எண்ணெய் கொதிப்பேறி, காற்றோடு கலந்து நுரைத்து, பிடியை இழக்கும். அழுத்தமான நைட்ரஜன் வாயுவை எண்ணெயிலிருந்து தனியே பிரித்து வைத்த ஒற்றைக்குழாய் வகைக்குச் சூடு சீக்கிரம் வெளியேறும். ஆனால் வெளிச்சுவரில் கல் பட்டு நசுங்கினால் உள்ளே பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். தடித்த உடலுள்ள இரட்டைக்குழாய் அந்த அடியைத் தாங்கும். நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன், காரணம் என் வேகம் குறைவு. எதை எடுத்தாலும் ஸ்பிரிங்கோடு ஒரே தொகுப்பாக வாங்குங்கள்.

வண்டியை உயர்த்துவதானால் 50 மி.மீ. போதும். அதற்கு மேல் போனால் முன் அச்சின் மூட்டுகள் கோணலாகி ரப்பர் உறைகள் கிழியும். 50 மி.மீ.க்கே வீல் அலைன்மென்ட் கட்டாயம். அது சரியாக அமையாவிட்டால் சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். பிரேக் குழாய்களும் ஏபிஎஸ் கம்பிகளும் இழுபடாமல் இருக்கின்றனவா, முகப்பு விளக்கு வானத்தைப் பார்க்கிறதா என்றும் கவனியுங்கள்.

பின் ஸ்பிரிங் மாற்றுவது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. முன்னால் அப்படி இல்லை. ஷாக் அப்சார்பரோடு சேர்த்து அமுக்கிப் பூட்டிய ஸ்பிரிங் கைதவறித் தெறித்தால் ஆள் உயிரோடு இருக்கமாட்டான். பட்டறையில் கொடுங்கள். ரப்பர் புஷ் (மூட்டில் செருகிய ரப்பர் உருளை) உள்ள போல்ட்டுகளை வண்டி தூக்கிய நிலையில் இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கியபடியே நின்று சில மாதங்களில் கிழியும். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கும்போதுதான் கடைசி இறுக்கு. பட்டறையில் இதை மறவாமல் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும். 1,000 கி.மீ. ஓடியபின் மறுபடி எல்லாவற்றையும் சோதித்து இறுக்குங்கள். சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிவையுங்கள். பின்னாளில் ஸ்பிரிங் தளர்ந்ததை அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

சட்ட விஷயம்: கெட்டி ஸ்பிரிங் போட்டதால் அனுமதி எடை கூடிவிடாது. அதற்குச் சான்று பெற்ற தொகுப்பும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். அந்த வழிக்குப் போகாமல், நான் சுமையைக் குறைத்தேன். கூரைக் கூடாரம் போயிற்று. இரண்டாவது உபரிச் சக்கரம் போயிற்று. டீசல் 150 லிட்டரே ஏறத்தாழ 125 கிலோ என்பதால், அடுத்த பங்க் வரைக்குமான கணக்குப் போட்டு, கையில் கொஞ்சம் உபரி வைத்து நிரப்புகிறேன். மாமியார் கொடுத்த இரும்புத் தோசைக்கல் மட்டும் எந்தத் தணிக்கையிலும் தப்பிவிடுகிறது.

மண் சாலை தொடங்கும் இடத்தில் டயர் காற்றைக் குறைத்து, மணிக்கு 70 கி.மீ.க்கு மேல் போகாமல் ஓட்டுகிறேன். நின்ற இடத்தில் எல்லாம் நான்கு ஷாக் அப்சார்பர்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். மூன்று கொதித்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், வேலை செய்யாமல் செத்துப்போனது அந்தக் குளிர்ந்ததுதான்.