மடிக்கணினிக்குப் புதிய மவுஸ் வாங்கும்போது

பழைய மவுஸ் பழுதாகிப் புதியது வாங்க யாழ்ப்பாண நகருக்குச் செல்பவர்கள், பெட்டியிலுள்ள படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், கடையிலேயே அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கை அதன் முதுகில் முழுதாகப் படிந்து, மணிக்கட்டு மேல்நோக்கி மடியாமல், சுட்டுவிரலும் நடுவிரலும் இரு பொத்தான்களின் மேல் தளர்வாகக் கிடந்தால் அதுவே உங்களுக்கான அளவு. பயணத்துக்கென விற்கப்படும் தட்டையான சிறு மவுஸை நாள் முழுவதும் பயன்படுத்தியதால், என் பெருவிரலின் அடியில் வாரக்கணக்கில் வலி இருந்தது. இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் இருபுறமும் ஒரே வடிவுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி துளைகள் குறைவான மடிக்கணினிக்கு, துளையில் செருகும் றிசீவர் தேவைப்படாத, கம்பியில்லாமல் இணையும் புளூடூத் வகையே உகந்தது. அன்றாட வேலைக்கு 800 முதல் 1600 வரையான டிபிஐ (மவுஸ் அசைவை உணரும் நுணுக்கத்தின் அளவு) போதும். கண்ணாடி மேசையில் பெரும்பாலான மவுஸ்கள் தடுமாறும் என்பதால், அடியில் ஒரு விரிப்பை வையுங்கள்.