ஒரே சிஎம்எஸ், பல தளங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில கல்லூரிகளை நடத்தும் ஓர் அறக்கட்டளையின் இணையதளங்களை ஒரே வேர்ட்பிரஸ் மல்டிசைட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். வேர்ட்பிரஸ் ஒரு சிஎம்எஸ், அதாவது இணையதள உள்ளடக்கத்தை எழுதி நிர்வகிக்கும் மென்பொருள். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் அதன் வசதிதான் மல்டிசைட். மறு மாதமே விடுதிக் கட்டணம் உயர்ந்தது. விடுதிப் பக்கத்தில் புதுத் தொகையைப் போட்டார்கள். சேர்க்கைப் பக்கத்திலும் பிடிஎஃப் கையேட்டிலும் பழைய தொகை அப்படியே கிடந்தது. பழைய தொகைக்கு டிடி எடுத்துக்கொண்டு வெளியூரிலிருந்து வந்த ஒரு அப்பா, மீதிப் பணத்துக்காக மறுபடி பேங்குக்கு அலைந்தார்.

எல்லாத் தளத்துக்கும் ஒரே லாகின் வந்துவிட்டால் உள்ளடக்கமும் ஒரே இடத்துக்கு வந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2010-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே வேர்ட்பிரஸில் மல்டிசைட் உள்ளுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பயனர் கணக்குகள், பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்), தீம்கள் (தளத்தின் தோற்ற வடிவமைப்புகள்) பொது. பதிவுகள் பொது அல்ல. ஒவ்வொரு தளத்துக்கும் டேட்டாபேஸில் தனி டேபிள்கள், மீடியா லைப்ரரியும் தனி. ஓர் அறிவிப்பை ஆறு தளங்களில் ஒட்டினால் ஆறு பிரதிகள்தான் உருவாகும், ஆறையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருக்கும்.

அதனால் கட்டணம், தொலைபேசி எண், கடைசித் தேதி மாதிரி மாறக்கூடிய எதையும் பத்திக்குள் டைப் செய்யாதீர்கள். ஒரே தளத்துக்குள் என்றால் சிங்க்டு பேட்டர்ன் போதும், அதாவது பல பக்கங்களில் வைக்கக்கூடிய ஒரே பொதுத் துண்டு. முன்பு ரீயூசபிள் பிளாக் என்றிருந்தது, 6.3 பதிப்பில் பெயர் மாறியது. ஒரு தடவை திருத்தினால் அது இருக்கிற பக்கமெல்லாம் மாறிவிடும். ஆனால் அது தளம் விட்டுத் தளம் தாண்டாது. அதற்குத் தலைமைத் தளத்தில் கட்டணத்துக்கென்று தனிப் பதிவு வகை வைத்து, மற்ற தளங்கள் ரெஸ்ட் ஏபிஐ (ஒரு தளத்தின் தகவலை இன்னொரு தளம் தானாகக் கேட்டு வாங்கும் வழி) வழியாக அதை எடுத்துக் காட்டும்படி டெவலப்பரிடம் செய்துதரச் சொல்லுங்கள்.

அடுத்தது தமிழ்த் தளங்களுக்கே உரிய தொல்லை: ஸ்லக், அதாவது இணைய முகவரியின் கடைசியில் அந்தப் பக்கத்தைக் குறிக்கும் பகுதி. தலைப்பிலிருந்து தானாக உருவாகும் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் 200 எழுத்து இடங்கள்தான் தருகிறது. தமிழில் புள்ளி, கொம்பு, கால் உட்பட ஒவ்வொரு யூனிகோடு குறியும் முகவரியில் 9 இடம் பிடிக்கும். 'பொறியியல் கல்லூரி மாணவர் சேர்க்கை' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். 'மாணவர்' முடியும்போதே 200 தீர்ந்துவிடும், 'சேர்க்கை' முகவரிக்குள் வராது. அப்புறம் 'பொறியியல் கல்லூரி மாணவர் விடுதி' என்று இன்னொரு பக்கம் போட்டால் அதுவும் அதே இடத்தில் வெட்டுப்பட்டு, வாலில் ஒரு 2 ஒட்டிக்கொள்ளும். எது சேர்க்கை, எது விடுதி என்று முகவரியைப் பார்த்தால் தெரியாது. வெளியிடும் முன்பே இரண்டு சொல்லில் ஸ்லக்கைக் கையால் எழுதிவிடுங்கள். பிறகு மாற்றலாம் என்று விடாதீர்கள். பதிவுகளுக்குப் பழைய ஸ்லக்கை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துக்கொள்கிறது, பக்கங்களுக்கு வைப்பதில்லை. பக்கத்தின் முகவரியை மாற்றினால், பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்டை நீங்களே போட வேண்டும்.

யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துரு பாமினியில் தட்டச்சு செய்த பழைய சுற்றறிக்கையை அப்படியே ஒட்டுவதும் இன்னும் நிற்கவில்லை. யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தெரியும், தேடலிலும் சிக்காது.

தளத்தில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமையை அள்ளிக் கொடுப்பது இன்னொரு தவறு. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. துறை ஊழியருக்குக் கான்ட்ரிபியூட்டர் உரிமை தருவோம். அவரால் எழுத முடியும், வெளியிடவோ படம் ஏற்றவோ முடியாது. தினமும் போன் வரும். சலித்துப்போய் அவரை அட்மின் ஆக்கிவிடுவார்கள். அப்படிச் செய்யாமல், கான்ட்ரிபியூட்டருக்குப் படம் ஏற்றும் அனுமதியை மட்டும் ஒரு பிளகின் வழியாகச் சேர்த்துவிடலாம். வெளியிடும் பொத்தான் எடிட்டர் ஒருவரிடமே இருக்கட்டும்.

சரி, அந்த பிடிஎஃபுக்கு வருவோம். புதுக் கையேட்டை அதே பெயரில் ஏற்றினால் பழையது அழிந்துவிடும் என்று ஊழியர் நம்பியிருந்தார். அழியாது. அதே மாதத்தில் ஏற்றினால் புதுக் கோப்பின் பெயரில் 1 சேரும், வேறு மாதம் என்றால் வேறு ஃபோல்டருக்குப் போகும். பழைய கோப்பு பழைய முகவரியிலேயே திறக்கும். அந்த அப்பாவிடம் இருந்ததும் வாட்ஸ்அப்பில் வந்த அந்தப் பழைய லிங்க்தான். கோப்பின் லிங்கைச் சுற்றுக்கு விடாமல், அது இருக்கும் பக்கத்தின் லிங்கை அனுப்புங்கள். பழைய கோப்பை மீடியா லைப்ரரியிலிருந்து அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.