சங்கீதம் 136-ஐ வீட்டு ஜெபத்தில் வாசிப்பது எப்படி?

தேவன் செய்த நன்மைகளுக்கு நன்றி சொல்ல ஆசை, ஆனால் வார்த்தை வரவில்லையா? பைபிளில் சங்கீதம் 136-ஐ எடுங்கள். மொத்தம் 26 வசனங்கள். ஒருவர் ஒவ்வொரு வசனத்தின் முன்பாதியை வாசிக்க, மற்ற எல்லோரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும், சின்னப் பிள்ளைகள்கூடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். வேகமாக ஓட்டாதீர்கள். வானம், சூரியன், சிவந்த சமுத்திரம், சீகோன், ஓக் என்ற ராஜாக்கள் என்று போய், 23-ஆம் வசனத்தில் நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர் என்று வரும், அங்கே கொஞ்சம் நில்லுங்கள். முடித்த அப்புறம் ஆளுக்கொரு சொந்த வரி சேர்க்கட்டும்: அம்மாவின் காய்ச்சலைக் குணமாக்கினவர், ஃபீஸ் கட்ட வழி திறந்தவர். இன்னும் பதில் கிடைக்காத விண்ணப்பத்தையும் தயங்காமல் சொல்லுங்கள், அதற்கும் எல்லோரும் அதே பதிலைச் சொல்லட்டும். எனக்கு இதுதான் ஜெபத்தின் உயிரான இடம். ஆகாரம் கொடுக்கிறவரைத் துதிக்கும் 25-ஆம் வசனம் இருப்பதால், இரவுச் சாப்பாட்டுக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது.