மலைவீட்டு லேப்டாப்பில் மூலநிரல் கம்பைல்: எங்கே சறுக்குகிறோம்

ஆடிக் காற்றில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தால், கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. மழை வலுத்தால் நெட்டும் நொண்டும். இந்தச் சூழலில் மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டுகிறவர்கள், அதாவது நிரலைக் கம்பைல் செய்து ஓடும் மென்பொருளாக்குகிறவர்கள், திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில உண்டு. உபுண்டு, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகளை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். வேண்டிய பதிப்பு ஆப்டிலேயே (இவற்றில் பொதிகளை நிறுவும் கருவி) இருந்தால் அதையே போட்டுக்கொள்ளுங்கள். புதிய பதிப்போ, நிரலில் நீங்களே செய்யும் திருத்தமோ தேவைப்படும்போதுதான் இந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

முதல் சறுக்கல் இறக்கும்போதே வரும். மூலநிரலை அதன் மாற்ற வரலாற்றோடு இறக்கும் ‘கிட் குளோன்’ பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்துதான். முழு வரலாறும் வேண்டாதவர்கள் ‘--டெப்த் 1’ சேர்த்தால் இறக்கும் அளவு வெகுவாகக் குறையும். அதைவிட, திட்டத்தார் வெளியிடும் டார் கோப்பை (மூலநிரல் தொகுப்பு) ‘டபிள்யூகெட் -சி’ கொண்டு இறக்குவது நல்லது, அறுந்தாலும் தொடரும். கிட்ஹப்பின் ஜிப் பொத்தானை அமுக்கினால் சப்மாட்யூல்கள் (உள்ளே சேர்த்த பிற திட்டங்களின் நிரல்) வராது, அவற்றின் இடத்தில் காலியான அடைவுதான் கிடைக்கும்.

அடுத்தது, எல்லாரையும் அலைக்கழிப்பது: சார்புகள், அதாவது கட்டுவதற்குத் தேவையான பிற பொதிகள். பாதுகாப்பான இணைப்புக்கான லிப்எஸ்எஸ்எல் ஏற்கெனவே இருக்கிறதே என்று நினைப்போம். இருப்பது ஓடுவதற்கான லைப்ரரி மட்டும். கம்பைலருக்கு வேண்டிய ஹெடர் கோப்புகள் ‘-டெவ்’ என்று முடியும் தனிப் பொதியில் இருக்கும். பைத்தானைக் கட்டும்போது இது நயமாக ஏமாற்றும். லிப்எஸ்எஸ்எல்-டெவ் இல்லாவிட்டாலும், கட்டும் வேலையை நடத்தும் ‘மேக்’ நிற்காது, வெற்றிகரமாக முடிந்துவிடும். கடைசியில் எந்தெந்த மாட்யூல்கள் கட்டப்படவில்லை என்று சில வரிகள் ஓடும். அதைப் படிக்காமல் விட்டால், மறுநாள் பிப் (பைத்தான் பொதிகளை நிறுவும் கருவி) எதையும் இறக்க மறுக்கும்போதுதான் விஷயம் தெரியும். லிப்எஃப்எஃப்ஐ, எஸ்க்யூலைட், ரீட்லைன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உபுண்டு 24.04-இல் ஒவ்வொன்றாகத் தேடாமல் ‘சுடோ ஆப்ட் பில்ட்-டெப் பைத்தான்3.12’ கொடுத்தால் மொத்தமும் வந்துவிடும் (‘சுடோ’ என்றால் நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது). ‘டெப்-எஸ்ஆர்சி’ (மூலநிரல் பொதிகளின் இருப்பிடம்) இல்லை என்று அது முறையிட்டால், ‘உபுண்டு.சோர்சஸ்’ கோப்பில் ‘டைப்ஸ்’ வரியில் ‘டெப்’ பக்கத்தில் அதையும் சேர்த்து ‘ஆப்ட் அப்டேட்’ ஓட்டுங்கள். சார்புகளைப் போட்டபின், என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் ‘கான்ஃபிகர்’ மறுபடி ஓட வேண்டும். வெறும் ‘மேக்’ போதாது.

4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ‘மேக் -ஜே’ என்று எண் இல்லாமல் கொடுப்பது பெரிய தவறு. அது வரம்பே இல்லாமல் வேலைகளைக் கிளப்பும். கனமான சி++ கோப்பு ஒன்றே 1 ஜிபிக்கு மேல் விழுங்கக்கூடும். நினைவகம் தீர்ந்ததும் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) கம்பைலரைக் கொன்றுவிடும். திரையில் ‘கில்டு’, ‘சிசி1பிளஸ்’ (சி++ கம்பைலர்) என்ற சொற்கள் தெரியும். நிரலில் பிழை தேட வேண்டாம். ஒரு வேலைக்கு 2 ஜிபி என்று கணக்குப் போட்டு ‘-ஜே2’ கொடுங்கள், ராம் நிறைந்தால் கைகொடுக்க வட்டில் ஸ்வாப் இடம் வைத்துக்கொள்ளுங்கள். வேறு பிழை என்றாலும் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். வெளியீட்டை ‘டீ’ வழியாக ஒரு கோப்பில் சேமித்து, ‘எரர்’ முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள்.

கம்பைல் நடுவே கரண்ட் போனால், ‘மேக்’ விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது முக்கால்வாசி உண்மை. பாதி எழுதிய ‘.ஓ’ கோப்பு (கம்பைலர் தரும் இடைநிலைக் கோப்பு) 0 பைட்டாக நிற்கலாம். ‘மேக்’ அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொள்ளும். அவற்றை இணைக்கும் லிங்கர் வந்து ‘ஃபைல் ட்ரங்கேட்டட்’ என்று நிறுத்தும். ‘ஃபைண்ட் . -நேம் "*.ஓ" -சைஸ் 0 -டிலீட்’ ஓட்டிவிட்டு மறுபடி ‘மேக்’ கொடுத்தால் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால் கடிகாரம் பின்னே போய், ‘கிளாக் ஸ்க்யூ’ (நேரம் பொருந்தவில்லை) எச்சரிக்கை வரும். தேதியைச் சரிசெய்து ‘மேக் கிளீன்’ செய்யுங்கள்.

நிறுவும்போது ‘மேக் இன்ஸ்டால்’ வரிக்கு மட்டும் சுடோ போதும். பைத்தானுக்கு ‘மேக் ஆல்ட்இன்ஸ்டால்’ கொடுங்கள், இல்லையென்றால் ‘பைத்தான்3’ என்ற பெயரே புதியதற்குப் போய்விடும். நிறுவியபின் ஷேர்டு லைப்ரரி கிடைக்கவில்லை என்றால் ‘சுடோ எல்டிகான்ஃபிக்’ ஓட்டுங்கள். மூலநிரல் அடைவை உடனே அழித்துவிடாதீர்கள். ‘மேக் அன்இன்ஸ்டால்’ தரும் திட்டங்களில் அதற்கு அந்த அடைவுதான் வேண்டும்.