ஆர்எக்ஸ்-8: பழைய இக்னிஷன் காயிலை எடுத்துவிட்டு டி585 பொருத்துவது எப்படி

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்கள் ஆயில் பார்ப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் மேல் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. இதன் எஞ்சின் ரோட்டரி வகை, பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுற்றும். ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். ஆக நாலு பிளக், நாலு காயில்.

சாதாரண நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு காயிலுக்கு ஒரு பொறி வேலை. இங்கே எக்சென்ட்ரிக் ஷாஃப்டின் (ரோட்டரியின் கிராங்க்) ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. 9000 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 150 தடவை. ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் நடுவே 6.67 மில்லி வினாடிதான் இருக்கிறது. சார்ஜ் ஏறுவதும் பொறி விழுவதும் அதற்குள் முடிந்தாக வேண்டும். எஞ்சின் சூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு இப்படி உழைக்கும் காயில் சீக்கிரம் தளர்ந்துவிடும். அது தளர்ந்தால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சினுக்குள் சூடு ஏறும். ரோட்டரியை ஒழிப்பதற்கு அந்தச் சூடு போதும்.

டிரெய்லிங் காயில் செத்தால் உடனே தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள். லீடிங் மட்டும் வேலை செய்தாலே வண்டி ஓரளவு ஓடிவிடும். அதனால் "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது" என்பதை நம்பாதீர்கள்.

டி585 என்பது ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) எல்எஸ் வகை வி8 எஞ்சின் வைத்த டிரக்குகளில் வந்த காயில். முதுகில் அலுமினிய ஹீட் சிங்க் இருக்கும், காயில் கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் இக்னைட்டர் உள்ளேயே இருக்கும். நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். பெயர் தெரியாத மலிவு நகல்களைத் தொடவே வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ரோட்டரிக்கான கருவியை வைத்து கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமாக இருப்பதை மட்டுமே காட்டும். கம்ப்ரஷன் போன எஞ்சினை எந்தக் காயிலும் காப்பாற்றாது.

பிளக்

எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஹவுசிங் அலுமினியம், சூட்டில் திருகினால் மரை போய்விடும். பேட்டரியின் மைனஸைக் கழற்றி, காரை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, இடது முன் சக்கரத்தை எடுத்துவிட்டால் பிளக் நாலும் கைக்கு எட்டும்.

லீடிங்குக்கு என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெய்லிங்குக்கு ஆர்இ9பி-டி. இரண்டையும் இடம் மாற்றிப் போடக் கூடாது. என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்த வகை என்று பொருள். முதலில் கையால் மட்டும் திருகுங்கள், சிக்காமல் இறங்கிய பிறகே டார்க் ரெஞ்ச்.

ஒயரிங்

இந்த இடத்தில் அவசரமே வேண்டாம். கம்பெனி கனெக்டரில் மூன்று ஒயர், டி585-இல் நாலு பின். எது எதற்குப் போகிறது என்ற குழப்பத்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

டி585-இன் கனெக்டரில் ஏ என்பது பவர் எர்த், பி என்பது சிக்னல் எர்த், சி டிரிகர் (பொறி விடச் சொல்லும் சிக்னல்), டி 12 வோல்ட். கம்பெனி ஒயரை நிறம் பார்த்து முடிவு செய்யாமல் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இதற்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப மாட்டிக்கொள்ளுங்கள். சாவியை ஆன் செய்தால் 12 வோல்ட் காட்டுவது ஒன்று. சாவியை ஆஃப் செய்து பீப் மோடில் வைத்தால் எஞ்சின் பிளாக்கோடு சேர்ந்து ஒலிப்பது எர்த். மிச்சம் இருப்பது டிரிகர்.

டிரிகரை சி-க்குக் கொடுங்கள். கம்பெனி எர்த் பி-க்கு மட்டும். ஏ பின்னை அதோடு முறுக்கிவிடும் ஆசை வரும், வேண்டாம். காயிலின் மொத்த கரண்டும் ஏ வழியாகத்தான் திரும்புகிறது. அதற்குத் தடித்த ஒயரில் தனியாக, எஞ்சின் பிளாக்கிலேயே எர்த் கொடுங்கள். போல்ட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் வெள்ளை உலோகம் தெரியும் வரை தேய்த்துவிட்டு இறுக்குங்கள். பிறகு எஞ்சின் ஓடும்போது ஏ பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. மேலே ஆர்பிஎம் ஏற்றும்போது மட்டும் வரும் மிஸ்ஃபயருக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

12 வோல்ட்டைப் பழைய ஒயரிலிருந்து நேரே எடுக்காமல் ரிலே போடுங்கள். பழைய 12 வோல்ட் ஒயர் ரிலேயின் 86-ஆம் பின்னுக்கு, 85 எர்த்துக்கு, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு, 87-லிருந்து நாலு காயிலின் டி-க்கும். எல்லா இணைப்புக்கும் சரியான கிரிம்ப் டூல், மேலே ஷ்ரிங்க் டியூப். இன்சுலேஷன் டேப்பை எஞ்சின் சூட்டில் நம்பவே கூடாது.

காயிலை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒன்றை முழுதாக முடித்து, எல்1 (முதல் ரோட்டர் லீடிங்), டி1 (முதல் ரோட்டர் டிரெய்லிங்) என்று எழுதி ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிளக் ஒயர் ரெசிஸ்டன்ஸ் உள்ளதாக இருக்கட்டும். வெறும் செம்புக் கம்பி ஒயர் கிளப்பும் மின் இரைச்சல் சென்சார்களைக் குழப்பும். ஒரு முனை காயிலுக்கும் மறுமுனை ரோட்டரி பிளக்குக்கும் பொருந்துகிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ஸ்டார்ட்

ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டு சில வினாடி சுற்ற விடுங்கள். அந்த நிலையில் பெட்ரோல் நின்றிருக்கும். அப்புறம் காலை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஓட ஆரம்பித்ததும் முழுதாகச் சூடாகும் வரை அணைக்காதீர்கள். குளிர்ந்த ரோட்டரியை ஓடவிட்டு உடனே அணைத்தால் பெட்ரோல் தேங்கி, அடுத்த தடவை கிளம்பாது.

பின்சேர்க்கை: ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) டியூன் செய்தவர்கள் டுவெல் (பொறிக்கு முன் காயில் சார்ஜ் ஏறும் நேரம்) எவ்வளவு வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். வி8-க்கான அட்டவணையை அப்படியே நகலெடுக்காதீர்கள். 6000 ஆர்பிஎம்மில் வி8-இன் ஒரு காயிலுக்கு 20 மில்லி வினாடி இடைவெளி கிடைக்கிறது, நமக்கு அதே வேகத்தில் 10-தான். டுவெல் அளவு மீறி நீண்டால் டி585 தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே பொறியை விட்டுவிடும். அது நேரத்துக்கு முன்பே விழும் பொறி, ரோட்டரின் முனைகளில் இருக்கும் அபெக்ஸ் சீலுக்கு ஆபத்து. கம்பெனி ஈசியூ அப்படியே இருந்தால் டுவெலைத் தொட வேண்டியதில்லை. டியூன் செய்தவர்கள் கம்பெனி எண்ணிலிருந்தே தொடங்கி, மேல் ஆர்பிஎம்மில் லாக் (ஈசியூ பதிவு) பார்த்துக்கொண்டே சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.