பேன்ட் பட்டன் போட முடியவில்லையா? எடை கூடியபின் குறைந்த செலவில் அழகாக உடுத்தும் வழி

உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் ஆனால், எடை பார்க்கும் கருவிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுவது பேன்ட்தான். பிரசவம், மருந்து, வயது, நாற்காலியிலேயே கழியும் வேலை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். காரணமே புரியாமல் சில வாரங்களில் மளமளவென்று ஏறியிருந்தால் மட்டும் துணிக்கடைக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த நேரத்தில் நம்மில் பலர் செய்வது மூன்றில் ஒன்று. "எப்படியும் இளைத்துவிடுவேன்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பழைய துணிக்குள் நுழைவது. உடம்பே தெரியக்கூடாது என்று தொளதொளவென்று எதையோ மாட்டிக்கொள்வது. அல்லது எரிச்சலில் ஒரே நாளில் ஒரு மூட்டை துணி வாங்கி வருவது. கடைசி வழிதான் பணத்தை விழுங்கும், ஏனென்றால் எடை இன்னும் ஒரு நிலைக்கு வந்திருக்காது.

நான் சொல்லும் வழி எளிது. இருப்பதில் தேறுவதைத் தேற்றுங்கள். வாங்குவதைக் கொஞ்சமாக, சரியான வரிசையில் வாங்குங்கள். வாங்கும்போது உடம்பின் மிக அகலமான இடத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற இடங்களை டெய்லர் பிடித்துக் கொடுத்துவிடுவார்.

படி 1: இன்றைய அளவு

வளையும் இஞ்ச் டேப் ஒன்று போதும். மெல்லிய உள்ளாடையோடு, வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே அல்லாத நேரத்தில் அளக்கவும். டேப் தரைக்கு இணையாகச் சுற்றி வர வேண்டும். உடம்பை அழுத்தவும் கூடாது, தொங்கவும் கூடாது.

மார்பின் மிக அகலமான சுற்று, இடுப்பு, சீட் (பின்புறம் மிகத் துருத்தும் இடத்தில்), தொடை, மேல்கை. இந்த ஐந்தும் வேண்டும். பெண்கள் மார்புக்குக் கீழ்ச் சுற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பை மட்டும் நின்று ஒருமுறை, உட்கார்ந்து ஒருமுறை அளந்து, பெரிய எண்ணைக் குறியுங்கள். நாளின் பாதியை உட்கார்ந்துதானே கழிக்கிறோம்.

எண்களை செல்போனில் எழுதி வையுங்கள். எம், எல், எக்ஸ்எல் என்பவற்றை மறந்துவிடலாம். ஒரு நிறுவனத்தின் எல் இன்னொன்றின் எம் அளவுக்கு இருக்கும், ஒரே நிறுவனத்திலேயே இரண்டு மாடல்கள் ஒத்துப்போகாது. அந்த எழுத்தைப் பார்த்து மனம் நொந்துபோவதற்கு ஒன்றுமே இல்லை. உறுத்துகிறதென்றால் லேபிளை வெட்டி எறியுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

படி 2: பீரோவைக் காலி செய்தல்

இதுதான் அலுப்பான வேலை. ஆனால் செலவைக் குறைப்பதும் இதுதான். எல்லாத் துணியையும் கட்டிலில் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி முன் விறைப்பாக நின்றால் எதுவும் தெரியாது. உட்காருங்கள், குனியுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டுங்கள். அதன்பிறகு துணியில் விழும் சுருக்கங்களைப் பாருங்கள். எங்கே பிடிக்கிறது என்று அவையே காட்டிக்கொடுக்கும்.

சட்டைப் பட்டனைச் சுற்றி எக்ஸ் வடிவில் கோடுகள் கிளம்பினால் மார்பிலோ வயிற்றிலோ துணி போதவில்லை. பேன்ட் பாக்கெட்டின் வாய் காது மாதிரி விரிந்து நின்றால் சீட் போதவில்லை. இடுப்பு சரியாகவே இருக்கலாம். தொடையின் மேல்பகுதியில் குறுக்குக் கோடுகள் வரிசையாக விழுந்தால் தொடை இறுக்கம். டாப்ஸ் நடக்க நடக்க மேலே ஏறினால் கீழ்ப்பகுதியின் சுற்று குறைவு என்று அர்த்தம், உயரம் குறைவு அல்ல. தோள் தையல் தோள் எலும்பின் முனையைத் தாண்டிக் கைக்குள் இறங்கினால் துணி பெரிது. தொளதொளப்பாகப் போடுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தோளில் சரியாக உட்கார்ந்துவிட்ட சட்டை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் எடுப்பாகவே தெரியும்.

பார்த்ததும் மூன்று குவியல். போடலாம், சரிசெய்தால் போடலாம், இப்போதைக்கு வேண்டாம். மூன்றாவது குவியலை ஒரு பெட்டியில் போட்டு, தேதி எழுதிக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். தினமும் பீரோவைத் திறக்கும்போதெல்லாம் போட முடியாத துணி முறைத்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் உடுத்தும் ஆசை வரும்?

செருப்பு, கைப்பை, சால்வை, காதணி, கைக்கடிகாரம் இவற்றை எடுத்துத் தனியாக வையுங்கள். எடை ஏறினாலும் பெரும்பாலும் இவை மாறுவதில்லை (மோதிரமும் மூடிய ஷூவும் சிலருக்கு இறுகும்). புதுத்துணி கொஞ்சமாக இருக்கும் காலத்தில், ஒரே சட்டையை வேறு வேறாகக் காட்டப்போவது இவைதான்.

படி 3: டெய்லரிடம் எதைக் கொண்டுபோவது?

முதலில் துணியை உட்புறம் திருப்பிப் பாருங்கள். தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள்? ரெடிமேட் சட்டைகளில் பெரும்பாலும் ஒரு செ.மீ. அளவுக்குத்தான் இருக்கும். அதை நம்பிப் பிரித்தால் தையல் கிழியும். ஃபார்மல் பேன்ட்டுகளில் பின்பக்க நடுத்தையலில் கூடுதலாக விட்டிருப்பார்கள், அங்கே ஓர் அங்குலம்வரை கிடைக்க வாய்ப்புண்டு. அளவு கொடுத்துத் தைத்தவற்றில் இன்னும் நம்பிக்கையாகப் பிரிக்கலாம். ஒரு சிக்கல்: பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித்துளையும், வெளுக்காத கோடும் தெரியும். வெளுத்த ஜீன்ஸில் இது பளிச்சென்று காட்டும்.

பிரிக்கத் துணியே இல்லையென்றாலும் வழிகள் உண்டு. இரண்டு பக்கத் தையலிலும் அக்குளிலிருந்து கீழ்வரை வேறு துணியில் ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம். அதே நிறத்தைத் தேடி அலைந்து கிடைக்காமல் ஒட்டுப்போட்டதுபோல் காட்டுவதைவிட, வேண்டுமென்றே மாறுபட்ட நிறம் வைப்பது நல்லது. நீளமான டாப்ஸ் சீட்டில் பிடித்தால் பக்கத் தையலைக் கீழிருந்து பிரித்து ஸ்லிட் ஆக்கிவிடலாம். பாவாடை, பேன்ட்டின் இடுப்புப் பட்டியின் பின்பகுதியில் மட்டும் எலாஸ்டிக் வைக்கச் சொல்லலாம். முன்னால் பார்த்தால் தெரியவே தெரியாது. கொக்கியையோ பட்டனையோ நகர்த்துவதை வீட்டிலேயே செய்யலாம். சட்டையை முன்பக்கம் திறந்துவிட்டு, உள்ளே ஒரு சாதாரண டி-ஷர்ட் போட்டால், பட்டன் எட்டாத சட்டைகூட மேலாடையாக மறுபிறவி எடுக்கும்.

தோள் இறுக்கமா? அந்தத் துணியை விட்டுவிடுங்கள். தோளைப் பிரித்துத் தைக்கும் கூலியும் அதிகம், பலன் கிடைப்பதும் அரிது.

படி 4: உள்ளாடை

பணம் கொஞ்சமாக இருந்தால் முதலில் இங்கே போடுங்கள். பழைய அளவு உள்ளாடை சதையைப் பிதுக்கி, மேலே போடும் எந்த நல்ல துணியிலும் மேடு பள்ளமாகக் காட்டும்.

பிராவின் தாங்கும் வேலையில் பெரும்பங்கு கீழ்ப்பட்டிக்குத்தான், தோள்பட்டைக்கு அல்ல. பட்டி பின்னால் மேலேறினால் அது தளர்வு. புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்வான கொக்கியில் சரியாக இருக்க வேண்டும். நாளாக ஆக எலாஸ்டிக் தளரும்போது உள்ளே நகர்ந்துகொள்ளலாம். பட்டி மட்டும் இறுகி, கப் சரியாக இருந்தால் புதிது வேண்டாம். கூடுதல் கொக்கி வரிசையுள்ள சிறு இணைப்புத் துண்டு தனியாகக் கிடைக்கிறது.

தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் பாவாடைக்கும் கவுனுக்கும் உள்ளே முட்டிக்கு மேல் நிற்கும் மெல்லிய ஷார்ட்ஸ் போடலாம். உடம்பை இறுக்கிச் சுருக்கிக் காட்டும் ஷேப்வேரை அன்றாடத்துக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மூச்சு முட்ட உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எந்த உடையும் அழகாகத் தெரியாது.

படி 5: கொஞ்சமாக வாங்குதல்

வரிசை இது: முதலில் கீழாடை இரண்டு, பிறகு மேலாடை மூன்று, கடைசியாக மேலே திறந்து போடும் மேலாடை ஒன்று. கீழாடை அடர்நிறத்தில், ஒன்றோடொன்று சேரும்படி இருக்கட்டும். மூன்று மேலாடையும் இரண்டு கீழாடைக்கும் பொருந்தினால் ஆறு ஜோடி ஆயிற்று. மேலே திறந்து போடுவதையும் சேர்த்தால் பன்னிரண்டு. விலைச்சீட்டை மட்டும் பார்க்காமல், எத்தனை தடவை போடுவோம் என்பதால் வகுத்துப் பாருங்கள். மூன்று மடங்கு விலை கொடுத்து வாரம் இருமுறை போடும் பேன்ட், தள்ளுபடியில் வாங்கி இரண்டே முறை போட்ட சட்டையைவிட மலிவு.

எடை இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் நாடா, பாதி எலாஸ்டிக், இழுத்துக் கட்டும் பாணி, இடுப்பிலிருந்து மெல்ல விரியும் ஏ-லைன் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். ஓர் அளவு கூடினாலும் குறைந்தாலும் இவை தாக்குப்பிடிக்கும். எடை ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் கோட், விலை உயர்ந்த ஜீன்ஸ் எல்லாம்.

லேபிளில் எலாஸ்டேன், ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று எது போட்டிருந்தாலும் ஒரே இழுபடும் இழைதான். 1958-ல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கியது. பேன்ட்டில் 2 சதவீதம் இருந்தாலே உட்கார எழ வசதி. துணியை குறுக்கே இழுத்துவிட்டுப் பாருங்கள், பழைய நிலைக்குத் திரும்பாமல் தொங்கினால் அந்த முட்டியும் சீட்டும் சீக்கிரமே தொய்ந்துபோகும். டி-ஷர்ட் வாங்கும்போது ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற எண்) பாருங்கள். 140 என்றால் மெல்லியது, ஒவ்வொரு மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும். 180-ஐ ஒட்டியிருந்தால் துணி தன் வடிவத்தில் நிற்கும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு நம்பகமான முறை ஒன்று உண்டு. உங்களுக்கு இப்போது நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையைத் தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள்வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். அந்த எண்ணைக் கடையின் அளவு அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அட்டவணை உடம்பு அளவைச் சொல்கிறதா, துணி அளவைச் சொல்கிறதா என்று கவனிக்க வேண்டும். உடம்பு அளவு என்றால், படி 1-ல் எடுத்த மார்பளவோடு ஒப்பிடுங்கள். துணி அளவு என்றால், இழுபடாத சட்டை உங்கள் மார்பைவிட 3 முதல் 4 அங்குலம் அதிகமாக இருக்க வேண்டும். இழுபடும் பின்னல் துணிக்கு அவ்வளவு தேவையில்லை. பருத்தி என்றால் முதல் சலவையில் சுருங்குவதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

பழைய துணி விற்கும் கடைகளை ஒதுக்காதீர்கள். பலமுறை துவைத்த துணி சுருங்க வேண்டியதைச் சுருங்கி முடித்திருக்கும், போட்டுப் பார்த்த அளவு அப்படியே நிற்கும். அக்குள், தொடைச்சந்து, ஜிப் மூன்றையும் பார்த்துவிட்டு எடுங்கள்.

படி 6: சேர்த்து உடுத்துதல்

"குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1860-களிலேயே இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார். ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில், குறுக்குக் கோடுகளால் நிரப்பியது உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரியும். 2011-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் பீட்டர் தாம்ப்சன் உடையணிந்த உருவங்களை வைத்துச் சோதித்தபோதும், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்ற நம்பிக்கை நிற்கவில்லை. ஆகவே பிடித்த கோடுபோட்ட டி-ஷர்ட்டைத் தாராளமாகப் போடுங்கள்.

உண்மையில் வேலை செய்வது, துணி எங்கே முடிகிறது என்பதுதான். மேலாடையின் கீழ் விளிம்பு விழும் இடத்தில் பார்ப்பவர் கண் நிற்கும். அது சீட்டின் மிக அகலமான இடமாக இருந்தால் அங்கேதான் பார்வை போகும். இரண்டு அங்குலம் மேலே ஏற்றுங்கள் அல்லது கீழே இறக்குங்கள். சட்டையின் முன்பகுதியை மட்டும் பேன்ட்டுக்குள் செருகிப் பின்பக்கத்தைத் தொங்கவிட்டாலே இந்த விளிம்பு உடைந்துவிடும். முழுக்கையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழ்வரை மடித்துவிடுங்கள், மெலிந்த மணிக்கட்டு வெளியே தெரியட்டும். மேலும் கீழும் ஒரே நிறக் குடும்பமாக இருந்து, மேலே திறந்த சட்டை வேறு நிறமானால் நடுவில் ஒரு நீளக் கோடு கிடைக்கும். கறுப்பு வசதிதான், மடிப்பின் நிழலை மறைக்கும். அதற்காக எல்லாமே கறுப்பா? முகத்துக்கு அருகில் பிடித்த நிறம் ஒன்று இருக்கட்டும்.

நல்லதாக அமைந்த ஜோடிகளைக் கண்ணாடியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் காலையில் பீரோ முன் நின்று யோசிக்க வேண்டாம்.

படி 7: பராமரிப்பு

எலாஸ்டேன் கலந்தவற்றுக்கு வெப்பம் ஆகாது. குளிர்ந்த நீரில், உட்புறம் திருப்பித் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். இஸ்திரிச் சூட்டையும் குறைத்தே வையுங்கள். தொடை உரசும் இடத்தில் துணி மெலியத் தொடங்கியதும், ஓட்டை விழும்வரை காத்திருக்காமல் உள்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்துவிட்டால் பேன்ட் இன்னும் பல மாதம் உழைக்கும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டேப்பை எடுத்து அளவைப் புதுப்பியுங்கள். தேதி எழுதி வைத்த பெட்டியை ஒரு வருடம் கழித்துத் திறந்து, அப்போதைய அளவுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொண்டு, மீதியைத் தேவைப்படுபவர்களுக்குக் கொடுத்துவிடலாம், அல்லது விற்று அடுத்த பேன்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.