பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்களை இனங்கண்டு படமெடுக்க

மொறிஸ் மைனர் என்றால் முதலில் முன்கண்ணாடியைப் பாருங்கள். நடுவே சட்டம் ஓடி இரண்டாகப் பிரிந்திருந்தால் 1956 வரை வந்தது. வளைந்த ஒற்றைக் கண்ணாடி மைனர் 1000. ஹெட்லைட்டுகள் கிறில்லோடு (முன்பக்கக் காற்றுத் தட்டி) சேர்ந்து தாழ்வாக இருந்தால் 1948இல் தொடங்கிய முதல் வகை, அதை விட்டுவிடாதீர்கள்! பின்கண்ணாடி மேலிருந்து உட்பக்கமாகச் சரிந்தால் அது மொறிஸோ ஒஸ்ரினோ அல்ல, ஃபோர்ட் ஆங்கிலியா 105இ. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜின் வால்சிறகு (பின்பக்க ஓரங்களில் எழும் தகடு) 1959இன் ஏ55 மார்க் 2இல் கூராக எழும், 1961இன் ஏ60இல் தணிந்திருக்கும். கிறில்லையும் எஞ்சினையும் நம்ப வேண்டாம், இத்தனை வருடத்தில் மாற்றியிருப்பார்கள்.

கொழும்பு நடுப்பகல் வெயிலில் குரோமியம் பம்பர் வெள்ளைத் திட்டாகிவிடும். காலை 7 மணிக்கு முன், அல்லது மாலை 5 மணிக்குப் பின் எடுங்கள். காலிமுகத்திடலில் மாலைச் சூரியன் கடல் பக்கம் என்பதால் காரின் முகம் மேற்கே இருக்கட்டும். ஹெட்லைட் உயரத்துக்குக் குனிந்து, முன்பக்க மூலையிலிருந்து, போனில் 2 மடங்கு சூமில் எடுங்கள். கிட்டப்போய் அகலக்கோணத்தில் எடுத்தால் பொனட் வீங்கித் தெரியும். வெளிச்ச அளவை அரை ஸ்டொப் (-0.5) குறையுங்கள். லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர், காரின் கண்ணாடியிலும் பெயின்ரிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும், குரோமியத்தில் அது பலிக்காது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் வீட்டு வளவுக்குள் நிற்கும் காரென்றால் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டே எடுங்கள்.